ஏசாயா சுருள், வீட்டுத் திரையில்

இஸ்ரேல் அருங்காட்சியகம் 2011 முதல் இணையத்தில் இலவசமாகத் தரும் ஏசாயா சுருளுக்கு, அதாவது வேதாகமத்தின் ஏசாயா நூலின் பழைய எபிரெயக் கையெழுத்துப் பிரதிக்கு, தாராளமாக ஐந்து நட்சத்திரம். 1947இல் சாக்கடல் அருகே கும்ரான் குகையில் கிடைத்த, ஏழு மீட்டருக்கும் நீளமான தோல்சுருள். சுருளில் எழுத்து செங்குத்துப் பத்திகளாக ஓடுகிறது; முதல் பத்தியிலேயே ‘கழுவிச் சுத்திகரியுங்கள்’ வந்துவிடும். ஆனால் எனக்குப் பிடித்தது 33ஆம் பத்திதான். குட்டிகளை மடியில் சுமந்து, கறவலாடுகளை மெதுவாய் நடத்தும் மேய்ப்பர் அங்கேதான் வருகிறார். அதற்குச் சற்று மேலே பெரிதாக்கிப் பாருங்கள். ‘புல் உலர்ந்து பூ உதிரும்’ என்பது இரண்டு முறை வருவதால், எழுதியவரின் கண் தாவி ஒரு பகுதி விட்டுப்போயிருக்கிறது. அப்புறம் வேறொரு கை அதை வரிகளுக்கு நடுவே நுணுக்கி நுழைத்து, இடம் போதாமல் ஓரத்தில் இறக்கியிருக்கிறது. வசனத்தைச் சொடுக்கினால் ஆங்கிலம் வரும். தமிழ் வேதாகமத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கைபேசியைவிடப் பெரிய திரை நல்லது.