பைத்தானிலிருந்து கோ மொழிக்கு: ஸ்னோபாலை நம்பலாம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு புத்தகக் கடைக்குத் தமிழ்த் தேடல் செய்து தருகிறேன். பைத்தானில் இருந்ததை கோ மொழிக்கு மாற்றும்போது, ஒரு சொல்லை எந்த வடிவில் தேடினாலும் கிடைப்பதற்காக விகுதிகளை வெட்டும் பகுதியைக் கையால் வரிவரியாக மாற்றப் பார்த்து இரண்டு வாரம் போய்விட்டது. 'பினாங்கு' நமக்கு 4 எழுத்து, பைத்தானில் நீளம் சொல்லும் லென் துணைக்குறிகளையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி 8 என்கிறது, கோ மொழியின் லென் பைட்டுகளை எண்ணி 24 என்கிறது, அதனால் வெட்டும் இடமெல்லாம் தப்பாகி எழுத்துகள் உடைந்து வந்தன.

அப்புறம்தான் அந்தப் பகுதியின் மூலத்தையே பார்த்தேன். அது மார்ட்டின் போர்ட்டர் உருவாக்கிய ஸ்னோபால், விகுதிகளை வெட்டும் நிரல்களை உருவாக்கும் கருவி. அதில் விதிகளை அதற்கென்றே உள்ள சிறு மொழியில் ஒரு முறை எழுதினால் போதும், சி, ஜாவா, பைத்தான், கோ, ரஸ்ட் என்று வேண்டிய மொழியில் நிரலை அதன் கம்பைலரே உருவாக்கித் தருகிறது. அருமையான யோசனை! 2019இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து தமிழும் உண்டு. பிஎஸ்டி என்ற திறந்த மூல உரிமம், காசு இல்லை. கடையின் புத்தகத் தலைப்புகளை பைத்தான், கோ இரண்டிலும் ஓட்டிப் பார்த்தேன், விடைகள் ஒன்றாகவே வந்தன.

ஒன்று மட்டும், வெட்டிய பிறகு கிடைப்பது அகராதிச் சொல்லாக இருக்க வேண்டியதில்லை, ஆகவே தேடலுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், திரையில் காட்டாதீர்கள்.