ஜாக்கி சான் அட்வென்ச்சர்ஸ்: சனிக்கிழமைக்கு ஒரு எபிசோட் போதும்

சுட்டி டிவியில் தமிழ் பேசிய ஜாக்கி சானைப் பார்த்து வளர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2007 ஏப்ரலில் அந்தச் சேனல் வந்தபோது நான் ஸ்கூல் பையன். இப்போது அதே தொடர் ஒரு ஸ்ட்ரீமிங் ஆப்பில் கிடைக்கிறது. அக்கா மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, சனிக்கிழமை காலைகளில் முதல் எபிசோடிலிருந்து பார்த்து வருகிறேன். முதல் இரண்டு சீசன்களுக்குத் தாராளமாக முழு மார்க் போடுவேன். அதை நமக்குக் கொடுக்கும் ஆப்புக்குப் பாதி மார்க்தான்.

அமெரிக்காவில் இது 2000 செப்டம்பர் 9 அன்று, கிட்ஸ் டபிள்யூபி என்ற சனிக்கிழமை காலை கார்ட்டூன் வரிசையில் தொடங்கியது. 2005 வரை 5 சீசன், மொத்தம் 95 எபிசோட். அங்கே பல தலைமுறைப் பிள்ளைகளுக்கு வாரத்தின் பெரிய சந்தோஷமே அந்தக் காலை நேரம்தான். கேபிள் சேனல்கள் நாள் முழுக்கக் கார்ட்டூன் போட ஆரம்பித்ததும் அந்த வழக்கம் தேய்ந்தது. 2014 செப்டம்பரில் கடைசி வரிசையும் நின்றுபோனது. நமக்கு வந்து சேர்ந்தது சேனல் வழியாக, தமிழில். ஆனாலும் லீவு நாள் காலையில், பல் தேய்க்காமலே டிவி முன்னால் உட்காரும் சுகம் எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஒன்றுதான்.

கதை ரொம்ப எளிமை. ஜாக்கி ஒரு தொல்பொருள் ஆராய்ச்சியாளர். சான் பிரான்சிஸ்கோவில் அவருடைய அங்கிள் வைத்திருக்கும் பழம்பொருள் கடைதான் அவருக்கு வீடு. ஹாங்காங்கிலிருந்து ஜேட் என்ற சுட்டிப் பெண் அங்கே வந்து சேர்கிறாள். சீன ராசி மிருகங்களின் பெயரில் 12 தாயத்துகள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் சேர்த்துவிட்டால் சிலையாக நிற்கும் ஷெண்டு என்ற அரக்கனுக்கு உயிர் வந்துவிடும். குற்றக் கும்பல் தலைவன் வால்மான்ட்டின் ஆட்கள் ஒரு பக்கம், ஜாக்கி ஒரு பக்கம், யார் முதலில் எடுப்பது என்று போட்டி.

இதில் என்ன பிரமாதம் என்று கேட்டால், அந்தத் தாயத்துகளைத்தான் சொல்வேன். எருது பலம் தரும், முயல் வேகம் தரும், பாம்பு ஆளை மறைத்துவிடும், சேவல் மிதக்க வைக்கும், குதிரை காயத்தை ஆற்றும், எலி உயிரில்லாத பொருளை நடமாட வைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சக்தி. இதனால் சின்னப் பிள்ளைக்கும் விதி புரிந்துவிடுகிறது. அடுத்து என்ன நடக்கும் என்று அவனே கணக்குப் போடுகிறான். எங்கள் வகுப்பில் யாருக்கு எந்தத் தாயத்து என்று சண்டையே நடக்கும். புலித் தாயத்து எபிசோடை இப்போது பார்த்தபோது அசந்துபோனேன். அது உள்ளே இருக்கும் நல்லது கெட்டதைச் சமநிலையில் வைக்கும் தாயத்து. அது இரண்டாக உடைந்ததும் ஜாக்கியும் இரண்டு ஆளாகிவிடுகிறார்: ஒருவர் பரம சாது, இன்னொருவர் வம்புக்காரர். இவ்வளவு பெரிய விஷயத்தை இருபது சொச்சம் நிமிடத்தில், சிரிக்கச் சிரிக்கச் சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

அடுத்தது சண்டைகள். நிஜ ஜாக்கி சான் படங்களில் போலவே கையில் கிடைக்கும் நாற்காலி, ஏணி எல்லாம் ஆயுதம். ஓங்கிக் குத்திவிட்டுக் கையை உதறிக்கொண்டு "ஆவ், ஆவ்" என்று குதிப்பார். அக்கா மகன் என்னைப் பார்த்து, "மாமா, இவரு ஹீரோதானே, இவருக்கு ஏன் கை வலிக்குது?" என்றான். "குத்துனா வலிக்கும்லடா" என்றேன். அவன் அதன்பிறகு ஒவ்வொரு அடிக்கும் ஜாக்கியின் முகத்தைத்தான் பார்க்கிறான். வில்லன் விழுந்தானா என்று பார்ப்பதே இல்லை. இன்றைக்கு வரும் பல கார்ட்டூன்களில் அடிக்குப் பஞ்சமில்லை, வலிதான் இல்லை. இந்தத் தொடர் பிள்ளைகளிடம் நேர்மையாக நடந்துகொள்கிறது.

டோருவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வால்மான்ட்டிடம் அடியாளாக இருக்கும் அந்த மலை போன்ற மனிதர் முதல் சீசனின் முடிவில் மனம் மாறி இந்தப் பக்கம் வந்து, பிறகு அங்கிளிடம் மந்திரம் கற்கும் சீடராகிவிடுகிறார். அங்கிள் அவரையும் ஜாக்கியைத் திட்டுவதுபோலவே திட்டுகிறார். அந்தத் திட்டில்தான் டோரு அந்த வீட்டு ஆளாகிறார். சின்ன வயதில் எனக்கு இது காமெடியாக மட்டும் தெரிந்தது. இப்போது பார்க்கும்போது தொண்டை அடைத்தது.

ஒரு எச்சரிக்கை: வரிசையாகப் பார்க்காதீர்கள். அங்கிள் காய்ந்த மீனைக் கையில் பிடித்து "யூ மோ குவாய் குவாய் ஃபாய் டி ஸாவ்" என்று கான்டனீஸில் பேயை விரட்டுவார். "மந்திரத்தை மந்திரத்தால்தான் ஜெயிக்கணும்" என்பார். ஜாக்கி போகாதே என்பார், ஜேட் போவாள். இதெல்லாம் எல்லா எபிசோடிலும் உண்டு. ஒரே மூச்சில் நாலைந்து பார்த்தால் சலிக்கும். வாரம் ஒன்று பார்த்தால், அந்த மந்திரம் எப்போது வரும் என்று மனசு காத்திருக்கும். காத்திருந்து பார்க்கவே செய்த தொடர் இது. எங்கள் வீட்டில் சனிக்கிழமை ஒன்றுதான். அவன் கெஞ்சினாலும் ஒன்றுதான்.

மூன்றாவது சீசனிலிருந்து சுவை குறைகிறது. புதுப் புது வில்லன், புதுப் புதுப் பொருள். தேடல் மட்டும் அதே தேடல். ஐந்தாவதை நான் பாதிக் கவனத்தோடுதான் பார்த்தேன்.

ஆப் விஷயத்துக்கு வருகிறேன். படம் தெளிவாக இருக்கிறது, அதில் குறையில்லை. ஆனால் தமிழ் ஆடியோ இல்லை. ஜேம்ஸ் ஸீ ஆங்கிலத்தில் ஜாக்கிக்கு அருமையாகக் குரல் கொடுத்திருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் என் காதில் இருக்கும் ஜாக்கி தமிழ் பேசுகிறவர். அந்தக் குரலைத் தேடித்தான் என் வயதுக்காரர்கள் பாதிப் பேர் இங்கே வருவோம். அக்கா மகனுக்கு இன்னும் ஆங்கிலம் அவ்வளவாகப் பிடிபடாது. வேறு வழியில்லாமல் நானே ஓடஓடத் தமிழில் சொல்லிக்கொண்டு வருகிறேன். அங்கிளுக்கு மட்டும் குரலை மாற்றிச் சொல்ல வேண்டும் என்பது அவன் கட்டளை. இதற்கெல்லாம் தனியாகக் காசு கேட்டாலும் கொடுப்பேன். தயவுசெய்து அந்தத் தமிழ் ட்ராக்கைப் போடுங்கள்.

இன்னொன்று. எபிசோட் முடிந்ததும் நிஜ ஜாக்கி சானே வந்து, பிள்ளைகள் கேட்கும் ஒரு கேள்விக்கு முகமெல்லாம் சிரிப்பாகப் பதில் சொல்வார். அந்த ஆப் அதற்குள் அடுத்த எபிசோடுக்குத் தாவிவிடுகிறது. செட்டிங்ஸில் போய் ஆட்டோப்ளேயை அணைத்துவிட்டுப் பாருங்கள். பிள்ளைகள் கூட இருந்தால் அந்தப் பகுதியைக் கண்டிப்பாக விடாதீர்கள்.