மூன்று மாடி வீட்டில் மெஷ் வைஃபை: 3 ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

வீட்டின் அமைப்பை முதலில் சொல்லிவிடலாம், அதை வைத்துத்தான் மற்ற எல்லாமே. தரைத்தளம், முதல் மாடி, இரண்டாம் மாடி, அதற்கு மேல் மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. தளத்துக்கு ஏறத்தாழ 1,100 சதுர அடி. 9 அங்குலச் செங்கல் சுவர், 5 அங்குல காங்கிரீட் தளம். கீழே பெரியவர்கள், மேலே இரண்டு பிள்ளைகளின் குடும்பங்கள். இணைப்பு 300 எம்பிபிஎஸ் ஃபைபர். மெஷ் என்பது பல வைஃபை பெட்டிகள் (யூனிட்) சேர்ந்து ஒரே நெட்வொர்க்காக வேலை செய்யும் அமைப்பு. இங்கே வைஃபை 6, ஏஎக்ஸ்3000 வகையில் 3 யூனிட், தளத்துக்கு ஒன்று. முதல் சில மாதம் யூனிட்டுகள் தங்களுக்குள் வைஃபையிலேயே பேசின. பிறகு அவற்றுக்கு நடுவே கேபிள் இழுக்கப்பட்டது. பெட்டி அதேதான், ஆனால் கேபிளுக்கு முன்னும் பின்னும் கிடைத்தது வேறு வேறு இணையம்.

வயர் இல்லாதபோது தரைத்தளத்தில் 290 எம்பிபிஎஸ் வந்தது, முதல் மாடியில் 120 சொச்சம், இரண்டாம் மாடியில் 40 முதல் 60. வேகத்தைவிடத் தொல்லை கொடுத்தது பிங், அதாவது தகவல் போய்த் திரும்பி வர ஆகும் நேரம். 8 மில்லிசெகண்டில் இருப்பது திடீரென 80ஐத் தொடும். வீடியோ கால் உறையும். காரணம் இரண்டு. 5 கிகாஹெர்ட்ஸ் அலை செங்கல் சுவரைத் தட்டுத்தடுமாறியாவது தாண்டும். காங்கிரீட்டிலும் அதற்குள் வலைபோல் கட்டிய கம்பியிலும் அதன் பலம் பெரும்பாலும் போய்விடும். அடுத்தது, இரட்டை அலைவரிசை (2.4, 5 கிகாஹெர்ட்ஸ்) மெஷ்ஷில் நடு யூனிட் கீழே இருந்து வாங்குவதையும் மேலே அனுப்புவதையும் ஒரே ரேடியோவில், ஒரே சேனலில் செய்கிறது. அதனால் ஒரு யூனிட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும் ஒவ்வொரு முறையும் வேகம் பாதிக்குப் பாதி குறையும்.

வயர் இழுக்கவே வழியில்லாத வீடு என்றால் யூனிட்டுகளை ஹால் நடுவில் வைக்காதீர்கள். மாடிப்படி ஓரத்தில் வையுங்கள். தளத்தில் இருக்கும் ஒரே பெரிய திறப்பு அதுதான், சிக்னல் அந்த வழியாகத்தான் ஏறும். யூனிட் வைக்கப்போகும் இடத்தில் போனில் ஒரு வைஃபை அனலைசர் செயலியைத் திறந்து, கீழ் யூனிட்டின் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் -65 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம் அதிகம்) அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். -75க்குக் கீழே போனால் அந்த இடம் உதவாது. பீரோவுக்குப் பின்னாலும், பெரிய கண்ணாடிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் பக்கத்திலும் வேண்டவே வேண்டாம்.

வழி இருக்கிறதா என்று தேடும்போது பலரும் மறந்துபோவது டிடிஎச் கேபிள் வந்த பைப். மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து ஒவ்வொரு மாடி ஹாலுக்கும் சுவருக்குள் 20 மில்லிமீட்டர் பைப் போயிருக்கும். டிடிஎச்சை நிறுத்திய வீட்டில் கறுப்புக் கேபிள் உள்ளே சும்மா கிடக்கும். அதையே இழுகயிறாக வைத்துக்கொள்ளலாம். அந்தக் கறுப்புக் கேபிளின் (கோஆக்சியல்) நுனியில் 5 செண்டிமீட்டர் உறையைச் சீவி, நடுக் கம்பியைக் கொக்கியாக வளைத்து, கேட் 6 லேன் கேபிளின் உள்வயர்களை அதில் கோத்து முறுக்குங்கள். மேலே இன்சுலேஷன் டேப்பை நுனியை நோக்கி மெலிதாகச் சுற்றுங்கள். முடிச்சு தடித்தால் வளைவில் மாட்டிக்கொள்ளும். கேபிளை இழுத்த பிறகுதான் அதன் நுனியில் ஆர்ஜே45 பிளக்கைக் கிரிம்ப் செய்ய (அழுத்திப் பொருத்த) வேண்டும். முகப்பவுடர் தூவி, ஒருவர் மேலிருந்து ஊட்ட, ஒருவர் கீழிருந்து இழுக்க வேண்டும். விசை 11 கிலோவைத் தாண்டக் கூடாது, தாண்டினால் உள்ளே இருக்கும் முறுக்கு குலைந்துவிடும். கேபிளோடு ஒரு நைலான் கயிறையும் சேர்த்து இழுத்து, பைப்பிலேயே விட்டுவையுங்கள், நாளைக்கு இன்னொரு கேபிள் வேண்டியிருக்கும்.

கோஆக்சியல் அசையவே இல்லையென்றால் பைப்பில் பெண்டுக்குப் (மெதுவான வளைவு) பதில் எல்போ (சட்டென்று திரும்பும் மூலை) போட்டிருக்கலாம். முரட்டுத்தனமாக இழுக்காமல் மாடிப்படிச் சுவரில் கேசிங் கேப்பிங் (மூடியுள்ள பிளாஸ்டிக் பட்டை) அடித்துக் கொண்டுபோவது நல்லது. கரண்ட் வயர் போகும் பைப்பில் லேன் கேபிளை விடலாமா என்று எலக்ட்ரீஷியன் கேட்டால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லுங்கள். அதன் உறை 230 வோல்ட்டுக்குப் பக்கத்தில் கிடப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல.

இந்த வீட்டுக்கு 40 மீட்டர் கேட் 6 போதுமானதாக இருந்தது: தரைத்தளத்திலிருந்து முதல் மாடிக்கு ஒன்று, இரண்டாம் மாடிக்குத் தனியாக ஒன்று, இரண்டு பக்கமும் கொஞ்சம் மிச்சம். முழுச் செம்பு கேபிளா என்று பார்த்து வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு போட்டதும் அதே கடையில் தொங்கும், விலை குறைவு, கையில் எடுத்தால் லேசாக இருக்கும். வயர் நுனியை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அது வளைவில் ஒடியும், போடும்போது சரியாகத் தெரிந்து ஆறு மாதத்தில் காலை வாரும்.

கேபிள் போட்டும் வேகம் சரியாக 93, 94இல் நின்றால் மெஷ்ஷைத் திட்டாதீர்கள். 300 எடுக்க வேண்டிய இடத்தில் 94 நிற்கிறது என்றால் லிங்க் 100 எம்பிபிஎஸ்ஸில் விழுந்துவிட்டது. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு வயர் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். அதாவது நீலம் அல்லது பழுப்பு ஜோடியில் ஒன்று பிடிக்கவில்லை. கிரிம்பை வெட்டிவிட்டு டி568பி வரிசையில் மறுபடி போடுங்கள்: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்க வேண்டாம். எட்டு நுனிகளும் பிளக்கின் முன் முகத்தில் தொட்டுக்கொண்டு தெரிய வேண்டும், ஒன்று உள்வாங்கியிருந்தாலும் அதுதான் குற்றவாளி. முடிந்தால் பிளக்குக்குப் பதில் சுவரில் கீஸ்டோன் ஜாக் (சுவர் சாக்கெட்) போட்டு அங்கிருந்து ரெடிமேட் பேட்ச் கார்டு (இரு முனையிலும் பிளக் உள்ள சின்னக் கேபிள்) கொடுங்கள். முழுக் கம்பி கேபிளுக்கு அதுதான் நிலைக்கும். போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான் என்ற மலிவு மாடல்களும் விற்கின்றன. வாங்கும் முன் ஒவ்வொரு யூனிட்டிலும் கிகாபிட் போர்ட் உண்டா என்று பெட்டியைப் படியுங்கள். வயர் இழுக்க முடிகிற வீட்டுக்கு யூனிட்டுகள் தங்களுக்குள் பேசக் கூடுதல் அலைவரிசை உள்ள மூன்று அலைவரிசை மெஷ் தேவையே இல்லை, அந்தப் பணத்தைக் கேபிளில் போடலாம்.

இணைக்கும் வரிசையில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. ஃபைபர் மோடத்தில் நான்கு போர்ட் இருக்கிறதே என்று மூன்று யூனிட்டையும் அதிலேயே செருகுவது. முதன்மை யூனிட் ரவுட்டர் மோடில் (வீட்டு நெட்வொர்க்கை அதுவே நடத்தும் நிலை) இருந்தால் இது வேலை செய்யாது. மற்ற யூனிட்டுகள் அதற்குக் கீழேதான் வர வேண்டும். மோடம், அதிலிருந்து முதன்மை யூனிட், அதிலிருந்து ஒரு 5 போர்ட் கிகாபிட் ஸ்விட்ச், ஸ்விட்ச்சிலிருந்து மாடிகளுக்கு. ஒரே யூனிட்டின் இரண்டு போர்ட்டையும் அதே ஸ்விட்ச்சில் செருகினால் லூப் ஆகி (தகவல் சுற்றிச் சுற்றி வந்து) வீடு முழுக்க நெட் நின்றுபோகலாம். இணைய நிறுவனத்திடம் மோடத்தை பிரிட்ஜ் மோடில் (இணைப்பை மட்டும் கடத்தும் நிலை) போடச் சொல்லி, இணைப்புக்கான பிபிபிஓஇ பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் முதன்மை யூனிட்டில் கொடுப்பது சுத்தமான வழி. நிறுவனம் மறுத்தால் மெஷ்ஷை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு (வைஃபை மட்டும் தரும் நிலை, ரவுட்டர் வேலையை மோடம் செய்யும்) மாற்றிவிடுங்கள். அப்போது மூன்றையும் மோடத்தில் செருகினாலும் பெரும்பாலான மாடல்களில் பிரச்சினை இல்லை. எப்படியானாலும் மோடத்தின் சொந்த வைஃபையை அணைக்க மறக்காதீர்கள்.

செட்டிங்கில் 5 கிகாஹெர்ட்ஸை 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், சேனல் 36 முதல் 48 அல்லது 149 முதல் 161க்குள் வைத்தபோது இணைப்பு அறுபடுவது நின்றது. 160 மெகாஹெர்ட்ஸில் வேக எண் பெரிதாகத் தெரியும். ஆனால் அது 52க்கு மேற்பட்ட சேனல்களையும் இழுத்துக்கொள்ளும். அங்கே ரேடார் சிக்னல் என்று சந்தேகம் வந்தால்கூட யூனிட் சேனலை விட்டு ஓட வேண்டும் என்பது விதி. ஸ்மார்ட் பிளக், பழைய பிரிண்டர் இருந்தால் வைஃபை பாதுகாப்பை டபிள்யூபிஏ2 முறையில் வையுங்கள், ஃபாஸ்ட் ரோமிங்கை (யூனிட் விட்டு யூனிட் வேகமாக மாறும் வசதி) அணைத்துப் பாருங்கள். மாடி ஏறிய பிறகும் போன் கீழ் யூனிட்டையே பிடித்துக்கொண்டிருந்தால் மாறுவதை முடிவு செய்வது மெஷ் அல்ல, போன்தான். ஐபோன் சிக்னல் -70 டிபிஎம் அளவுக்கு இறங்கினால்தான் வேறு யூனிட்டைத் தேடவே ஆரம்பிக்கும். யூனிட்டுகளின் சிக்னல் பவரை நடுத்தரத்துக்குக் குறைத்தது இங்கே பலன் தந்தது.

வயருக்குப் பின் இரண்டாம் மாடியில் 280க்குக் குறையவில்லை, பிங் 10க்குள். மூன்று ஆண்டில் யூனிட் ஒன்றுகூடப் பழுதாகவில்லை. போனது ஓர் அடாப்டர். மாற்றும்போது வோல்ட் அதேயாக இருக்க வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், பின்னின் அளவும் போலாரிட்டியும் பொருந்த வேண்டும். மொட்டைமாடி அறையில் யூனிட் வைக்கவில்லை. சித்திரை வெயிலில் தகரத்தின் கீழ் எந்த எலக்ட்ரானிக்ஸும் நீடிக்காது; அங்கே வரை செம்புக் கேபிளை வெளிச்சுவரில் கொண்டுபோனால் இடி மின்னல் நாளில் போர்ட் போகும் ஆபத்தும் உண்டு. இரண்டாம் மாடி யூனிட்டைப் படியின் கடைசித் திருப்பத்தில் மாட்டியதால் மேலறைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸில் 30, 40 கிடைக்கிறது. அங்கு உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கு அது போதும்.

எறும்பு பற்றியும் சொல்ல வேண்டும். மோடத்தின் வெதுவெதுப்புக்கு மழைக்காலத்தில் அது குடிவரும். தரையிலும் அலமாரிக்குள்ளும் வைக்காமல் சுவரில் மாட்டி, சுற்றிலும் எறும்பு சாக்பீஸால் கோடு போட்டால் கட்டுப்படும்.

மின்வெட்டுக்கு, மாடி யூனிட்டுகள் இன்வெர்ட்டர் லைனில் உள்ள பாயிண்டில் இருக்கின்றன. மோடம், முதன்மை யூனிட் இரண்டும் 12 வோல்ட் மினி யூபிஎஸ்ஸில். 2,000 எம்ஏஎச் செல் நான்கு உள்ள யூபிஎஸ் என்றால் 29 வாட்-அவர் சொச்சம். இரண்டும் சேர்ந்து 15 வாட் இழுத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மூன்றாம் ஆண்டில் செல் தேய்ந்து அது முக்கால் மணி நேரமாகச் சுருங்கியது. நான்கு செல்லையும் ஒரே நேரத்தில், ஒரே வகையாக மாற்ற வேண்டும். ஸ்விட்ச்சையும் அதே யூபிஎஸ்ஸிலோ இன்வெர்ட்டர் லைனிலோ சேருங்கள், இல்லையென்றால் கரண்ட் போனதும் மூன்று யூனிட்டும் எரிந்துகொண்டிருந்தாலும் மாடிகளுக்கான வயர் இணைப்பு அறுந்துவிடும்.