பம்பு மேனுவலா, ஏபிஐ ஆவணமா?

கட்டுரை எழுதிப் பழகிய கை டெக்னிக்கல் ரைட்டிங்குக்கு, அதாவது ஒரு பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கி எழுதும் வேலைக்கு, மாற நினைத்தால், கோயம்புத்தூரில் இரண்டு பக்கம் வழி உண்டு. ஒன்று, பம்பு, மோட்டார் கம்பெனிகளில் மேனுவல் எழுதுவது. மற்றது, சரவணம்பட்டிப் பக்கம் மென்பொருள் கம்பெனிகளில் உதவிப் பக்கங்களும், ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் வழியான ஏபிஐக்கு ஆவணங்களும் எழுதுவது. நான் முதலாவதில் நுழைந்து இரண்டாவதற்குப் போனவன்.

பம்பு வேலையில், எழுதப்போகும் பொருள் கண்முன் கிடக்கும். தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். தப்பும் சீக்கிரம் பிடிபடும். என் முதல் மேனுவலில் ஆறாவது படி, சப்மெர்சிபிள் (நீர்மூழ்கி) பம்பைப் போர்வெல்லில் இறக்குவது. ஏழாவது, "இறக்கும் முன் மோட்டாருக்குள் சுத்தமான தண்ணீர் நிரப்பியிருக்க வேண்டும்." படித்த ஃபிட்டர் அண்ணன், "ஏனுங்க, ஆறாவதுலயே எறக்கச் சொல்லிப்போட்டு, ஏழாவதுல தண்ணி ஊத்தச் சொல்றீங்க. மறுக்கா மேல எடுக்கறதுங்களா?" என்றார். அந்த வகை மோட்டாரில் பேரிங்குக்கு உயவும், சூட்டைத் தணிப்பதும் அந்தத் தண்ணீர்தான். கட்டுரையில் முக்கியமானதைக் கடைசிக்கு ஒளித்து வைத்தால் பாராட்டுவார்கள். இங்கே மோட்டார் போச்சு.

இன்னொரு பழக்கமும் விட வேண்டியிருந்தது: ஒரே சொல் திரும்ப வரக்கூடாது என்ற கூச்சம். நம் தோட்டங்களில் பம்பு, மோட்டார், ஸ்டார்ட்டர் எல்லாம் சேர்ந்து 'மோட்டார்'தான். மேனுவலில் மோட்டார் வேறு, பம்பு வேறு; ஒரு பாகத்துக்கு ஒரே பெயர், கடைசி வரைக்கும். விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக உருவான எளிய ஆங்கில விதிகளில், செய்முறை வாக்கியத்துக்கு 20 சொல்தான் உச்சவரம்பு. எனக்கு அது பெரிய தண்டனையாக இருந்தது.

மென்பொருள் பக்கம் தொட்டுப் பார்க்க எதுவும் இல்லை. ஏபிஐக்கு நாமே கோரிக்கை அனுப்பி, வரும் பதிலைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். எழுதி முடிப்பதற்குள் பட்டன் இடம் மாறியிருக்கும். தலைப்பு, பட்டியல் எல்லாம் எளிய குறிகளால் எழுதும் மார்க்டவுன் 2004இல் வந்தது; அதை ஒரு மத்தியானத்தில் கற்கலாம். கோப்புகளில் யார், எப்போது, என்ன மாற்றினார்கள் என்று கணக்கு வைக்கும் கிட் (Git) அவ்வளவு லேசில் பிடிபடாது. கூகுளின் டெக்னிக்கல் ரைட்டிங் பாடங்கள் இலவசம், அதில் தொடங்கலாம். சம்பளம் ஏறுவது, வீட்டிலிருந்து வேலை, இரண்டிலும் நான் பார்த்தவரை இந்தப் பக்கம்தான் மேல். யாரும் திருத்தம் அனுப்பக்கூடிய ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் ஆவணத்தில் நாலு திருத்தம் செய்தால், வேலை கேட்கும் இடத்தில் அதன் இணைப்பை அனுப்பிக் காட்டலாம். பம்பு மேனுவல் அட்டைப்பெட்டியோடு ஏதோ ஒரு தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் போய்விடும்.

புரோகிராம் கோடு கொஞ்சம் படிக்கத் தெரிந்தவர் நேராக மென்பொருளுக்கே போகட்டும். மற்றவர்களுக்கு ஒரு வருஷம் பம்புதான் என் சிபாரிசு, சம்பளம் குறைந்தாலும் சரி. இண்டர்வியூவுக்குப் பழைய கட்டுரைகளைக் கொண்டு போகாதீர்கள். வீட்டு வெட் கிரைண்டருக்கு இரண்டு பக்க மேனுவல் எழுதி, அதைத் தொட்டே பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, வாயைத் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். அவர் எங்கே முழிக்கிறாரோ, அந்த வரியைத் திருத்திவிட்டு எடுத்துப் போங்கள்.