ஹாஸ்ப்ரோவா, மேட்டல் எலீட்டா? மல்யுத்த வீரர் பொம்மை சேர்ப்பவருக்கு எது சரி

மல்யுத்த வீரர் பொம்மைகளைச் சேர்க்க ஆரம்பிக்கிறவர்கள் முதலில் கேட்பது, "யாரை வாங்கலாம்?" என்றுதான். எந்த நிறுவனத்தின் எந்த வரிசையை வாங்குவது என்பதை அதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஹல்க் ஹோகனும் அண்டர்டேக்கரும் ஏறக்குறைய எல்லா வரிசையிலும் இருக்கிறார்கள். கலந்துகட்டி வாங்கினால் அலமாரியில் 4.5 அங்குல ஹோகன், 7 அங்குல அண்டர்டேக்கரின் நெஞ்சுக்குக் கீழே நிற்பார். பார்க்கவே மனசு ஒப்பாது.

என் பார்வையில் உண்மையான போட்டி இரண்டுக்கு நடுவில்தான். ஒன்று, 1990 முதல் 1994 வரை பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ கொண்டுவந்த டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) வரிசை. இன்னொன்று, 2010-இல் மேட்டல் நிறுவனம் தொடங்கிய எலீட். மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1984-இல் எல்ஜேஎன் நிறுவனம் கொண்டுவந்த 8 அங்குலப் பொம்மைகள் கெட்டி ரப்பர். கை, கால் எதுவும் அசையாது. மூக்கு நுனியிலும் விரல் முட்டியிலும் பெயின்ட் தேயாத ஒன்று கிடைப்பதே அபூர்வம். ஜாக்ஸ் நிறுவனம் 90-களின் நடுவிலிருந்து 2009 வரை செய்தவற்றில் பழைய வீரர்களுக்கான கிளாசிக் சூப்பர்ஸ்டார்ஸ் மட்டும் தனியாகத் தேடத் தகுந்தது.

சரி, ஹாஸ்ப்ரோவுக்கு வருவோம். முழங்கை மடங்காது, முழங்கால் மடங்காது. ஆனால் பெரும்பாலான பொம்மைகளுக்குள் ஒரு ஸ்ப்ரிங் இருக்கிறது, அதுதான் அதற்கு உயிர். ஹோகனின் இரண்டு கைகளையும் விரித்துவிட்டால் பட்டென்று மூடிக்கொண்டு எதிராளியைக் கட்டிப்பிடிக்கும். பாம்போடு வரும் ஜேக் ராபர்ட்ஸின் கையைப் பின்னால் இழுத்துவிட்டால் குத்து விழும். ஒரு வீரரின் மொத்தக் குணத்தையும் ஒரே அசைவில் சொல்லிவிட வேண்டும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். முகமும் அப்படித்தான். கொஞ்சம் கார்ட்டூன் போல இருக்கும், ஆனால் தூரத்திலிருந்தே ஆள் தெரிந்துவிடும்.

நம் ஊரில் 90-களில் ட்ரம்ப் கார்டு ஆடியவர்களுக்கு இந்த வரிசை இன்னும் நெருக்கம். உயரம், எடை, மார்பளவு என்று கத்திக் கத்தி ஜெயித்த அதே முகங்கள்: யோகோசுனா, அண்டர்டேக்கர், பிரெட் ஹார்ட்.

எலீட்டின் பலம் வேறு. 25 இடங்களுக்கு மேல் அசையும். இடுப்பைச் சாய்த்து, முழங்காலை மடக்கி, கணுக்காலைத் திருப்பி, களத்தில் பார்த்த ஒரு பிடியை அப்படியே நிறுத்தி வைக்கலாம். துணிச் சட்டை, கழற்றி மாட்டும் பெல்ட் எல்லாம் உண்டு. சமீபத்திய பொம்மைகளில் முகத்தை அச்சிட்டே எடுக்கிறார்கள். கண்ணின் வெள்ளை, தாடி மயிர் வரை தெளிவு. புகைப்படம் எடுப்பதுதான் உங்கள் ஆசை என்றால் யோசிக்கவே வேண்டாம், எலீட்தான். இன்னும் வேண்டுமென்றால் 2019-இல் அல்டிமேட் வாரியரோடு தொடங்கிய அல்டிமேட் எடிஷன் இருக்கிறது. அதில் தலையையும் கைகளையும்கூட மாற்றலாம்.

பிறகு ஏன் நான் ஹாஸ்ப்ரோ பக்கம் நிற்கிறேன்? ஏனென்றால் அதற்கு முடிவு இருக்கிறது. 1994-இல் வரிசை நின்றுவிட்டது, இனி புதிதாக ஒன்று வரப்போவதில்லை. எலீட் 100 தொகுதிகளைத் தாண்டி ஓடுகிறது. ஒரே ஜான் சீனா, டி-ஷர்ட் நிறம் மாறி மாறி வந்துகொண்டே இருக்கிறார். எல்லாவற்றையும் வாங்க நினைப்பவர் களைத்துப்போவார். எலீட் வாங்கினால் ஒரு வீரரையோ ஒரு காலகட்டத்தையோ மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஹாஸ்ப்ரோவின் கடைசிப் படி செங்குத்தானது என்பதையும் சொல்ல வேண்டும். புள்ளிச் சட்டை டஸ்டி ரோட்ஸ் லேசில் கிடைக்க மாட்டார். 1994-இல் பச்சை நிறப் பேக்கிங் அட்டையில் வந்தவர்களும் குறைவு. வயிற்றில் நட்சத்திரத்துக்குப் பதிலாகப் பிறை நிலா வரைந்த கமாலாவை நாம் மறந்துவிடலாம். அது பெரும்பணக்காரர்களின் ஏலப் பொருள்.

அட்டையோடு வாங்குவதா, பிரித்ததா? ஹாஸ்ப்ரோ என்றால் பிரித்ததுதான் என்பேன். கையில் எடுக்காத ஸ்ப்ரிங்கால் என்ன பயன்? தவிர, பழைய அட்டைகளில் பிளாஸ்டிக் கூடு மஞ்சளித்துப்போய் உள்ளே இருக்கும் வண்ணத்தையே மறைக்கும். எலீட்டில் பெட்டியும் அழகாக இருக்கும், ஆனாலும் அத்தனை மூட்டுகளையும் பூட்டி வைப்பது பாவம்.

ஒருமுறை படத்தை மட்டும் நம்பி ஒரு ஜேக் ராபர்ட்ஸை வாங்கினேன். பெயின்ட் புதுசு போல இருந்தது. கையை இழுத்துவிட்டால் தளர்ந்துபோய் அப்படியே தொங்கியது. அதிலிருந்து விற்பவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: ஸ்ப்ரிங் அடிக்கிற மாதிரி பத்து வினாடி வீடியோ. அனுப்பத் தயங்கினால் அடுத்தவரிடம் போய்விடுவேன்.