மார்சேயிலிருந்து வந்த சொத்து மடல்: சொல்தா குடும்பத்தார் கவனத்திற்கு

என் பெரியப்பாவிடமிருந்து ஒரு மின்னஞ்சல் தொடர் 1,82,300 ரூபாயைப் பறித்துக்கொண்டது. பிரான்சின் மார்சேய் நகரில் வாரிசின்றி இறந்துபோன உறவினர் ஒருவரின் சொத்து தமக்கு வந்து சேரப்போகிறது என்று அவர் நம்பவைக்கப்பட்டார். "எழுதுப்பா, ஆனா எம் பேரையும் தெருவையும் போடாத. நம்ம ஜனங்க நாலு பேரு படிச்சா சரி" என்று சொல்லி, வந்த மடல்களையும் தாம் எழுதிய பதில்களையும் அச்செடுத்து என்னிடம் கொடுத்திருக்கிறார். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கும் வீடுகளுக்கு இதே கதை பெயர் மாறி வரக்கூடும் என்பதால், அது எப்படிப் பின்னப்பட்டிருந்தது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பெரியப்பா எதையும் எளிதில் நம்பிவிடுபவர் அல்லர். வாழ்நாள் முழுவதும் கணக்கு எழுதிப் பிழைத்தவர். பரிசுச்சீட்டு விழுந்திருக்கிறது, ஆப்பிரிக்க அமைச்சரின் விதவை கோடிக்கணக்கில் பணம் வைத்திருக்கிறார் என்றெல்லாம் வரும் மடல்களைப் படித்துச் சிரித்துவிட்டு அழிப்பவர். அத்தகைய மடல்கள் ஏன் அவ்வளவு அபத்தமாக இருக்கின்றன என்பதற்கு மைக்ரோசாஃப்ட் ஆய்வுப்பிரிவைச் சேர்ந்த கார்மக் ஹெர்லி 2012இல் ஒரு விளக்கம் தந்தார். சந்தேகப்படுபவர்கள் முதல் மடலிலேயே விலகிவிட வேண்டும், கடைசிவரை கூட வரக்கூடியவர்கள் மட்டுமே பதில் எழுத வேண்டும், அப்போதுதான் மோசடிக்காரனின் உழைப்பு வீணாகாது என்பது அவர் வாதம். பெரியப்பாவுக்கு வந்த மடல் இதற்கு நேர்மாறானது. அது அவருக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டையாக இருந்தது.

எங்கள் தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது படைவீரராக, வியட்நாமின் சைகோனில் இருந்தவர். அவருக்கும் முந்தைய தலைமுறையில், 1881ஆம் ஆண்டு ஆணையின்படி சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டபோது, எங்கள் குடும்பத்துக்கு ஒரு பிரெஞ்சுக் குடும்பப்பெயர் அமைந்தது. அதே பெயரோடு ஒருவர் எங்கிருந்தாலும் அவரை உறவு என்று எண்ணுவது இங்கே இயல்பு. முதல் மடல் சரியாக அந்த இடத்தில் தொட்டது. மார்சேயைச் சேர்ந்த, சொத்து ஆவணங்களைக் கவனிக்கும் நொத்தேர் ஒருவர் எழுதுவதாக, பிரெஞ்சிலும் தமிழிலும், பிழையேதும் இல்லாமல் அது எழுதப்பட்டிருந்தது. இறந்தவர் சைகோனிலிருந்து 1950களில் மார்சேய்க்குக் கப்பலேறிய புதுச்சேரிக்காரர், மணமாகாதவர், துறைமுகத்தில் வேலை பார்த்தவர், முதியோர் இல்லத்தில் காலமானார் என்று அது சொன்னது. அவருடைய பெட்டியில், நம் கடற்கரைச் சாலைப் போர் நினைவுச்சின்னத்தின் முன் நின்று எடுத்த பழைய புகைப்படம் ஒன்று இருந்ததாகவும் ஒரு வரி. கடைசிவரை அந்தப் புகைப்படத்தை அவர்கள் அனுப்பவே இல்லை. ஆனால் பெரியப்பா அதைக் கண்ணால் பார்த்தவரைப்போல எங்களிடம் விவரித்தார்.

இத்தனையும் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பவர்களுக்கு: சூலை 14 அன்று தாத்தாவின் பதக்கங்களை அணிந்து பெரியப்பா நின்ற படம், தாத்தாவின் பெயர், சைகோன் என்ற குறிப்பு ஆகிய எல்லாமே முகநூலில் யாரும் பார்க்கும்படி கிடந்தன.

அந்த முதல் மடலில் பணத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. "இறந்தவரை நீங்கள் அறிவீர்களா? அறியாவிட்டால் தொந்தரவுக்கு மன்னியுங்கள்" என்பதோடு முடிகிறது. கெட்டிக்காரக் கதைசொல்லியின் வேலை என்றே இதைச் சொல்வேன். மறுப்பதற்கு வழி திறந்திருக்கும்போது யாருக்கும் தாம் வற்புறுத்தப்படுவதாகத் தோன்றுவதில்லை. பெரியப்பா நேர்மையாகத் தெரியாது என்றுதான் பதில் எழுதினார். கூடவே, சைகோனில் தம் தகப்பனாருக்குத் தம்பி முறையில் ஒருவர் இருந்ததாகவும், அவருக்குப் புல்லாங்குழல் வாசிக்கத் தெரியும் என்று அம்மா சொல்லக் கேட்டிருப்பதாகவும் ஒரு வரி சேர்த்தார். அடுத்த மடலில் இறந்தவரின் பெட்டிக்குள் ஒரு புல்லாங்குழல் வந்துவிட்டது.

மடல்களைத் தேதி வரிசையில் அடுக்கிப் படித்தபோது எனக்குப் புலப்பட்ட முக்கியமான செய்தி இதுதான். நெஞ்சைத் தொடும் ஒவ்வொரு விவரமும் முதலில் பெரியப்பாவின் பதிலில் தோன்றி, பிறகுதான் அவர்களுடைய மடலில் இடம்பெறுகிறது. முத்தியால்பேட்டை வீட்டின் கிணறு, தாத்தாவுக்கும் அந்தத் தம்பிக்கும் இடையே நடந்த ஒரு மனத்தாங்கல், அதற்காகத் தாத்தா பிற்காலத்தில் வருந்தியது எல்லாம் அவர் கொடுத்தவை. அவர்கள் அவற்றைத் துடைத்து, இறந்தவரின் வாய்மொழியாக்கி, அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். "அண்ணன் மீது எனக்கு வருத்தமில்லை" என்று இறந்தவர் ஒரு தாளில் எழுதி வைத்திருந்ததாக ஒரு மடல் கூறுகிறது. அதைப் படித்துவிட்டுப் பெரியப்பா அழுதிருக்கிறார். 3,40,000 யூரோ என்ற தொகை அதற்கு அடுத்த மடலில்தான் முதன்முதலாகக் குறிப்பிடப்படுகிறது.

அதன்பிறகு கதை வேகமெடுக்கிறது. பிரெஞ்சு ஆட்சியிலுள்ள ரெயூனியோன் தீவிலிருந்து ஒரு போலி வாரிசு உரிமை கோருவதாக வில்லன் ஒருவன் நுழைகிறான். நம் பக்கம் நிற்கும் இரக்கமுள்ள பெண் எழுத்தர் ஒருவர் வருகிறார். முப்பது நாளுக்குள் உரிமை கோராவிட்டால் சொத்து அரசுக்குப் போய்விடும் என்று கெடு விதிக்கப்படுகிறது. வில்லனின் ஆட்கள் புதுச்சேரியிலும் இருப்பதால் வீட்டாரிடம்கூடச் சொல்ல வேண்டாம் என்று அந்தப் பெண் எழுத்தர் கெஞ்சுகிறார். கதைக்குள் ஓர் எதிரி இருந்ததால், எங்களிடம் மறைத்ததுகூடப் பெரியப்பாவுக்குக் குடும்பத்தைக் காக்கும் செயலாகவே பட்டது.

முத்திரைக் கட்டணம் என்று 4,800 ரூபாய் முதலில் போனது. மொழிபெயர்ப்புச் சான்றுக்கு 22,500. கறுப்புப் பணம் அல்ல என்பதற்கான சான்றுக்கு 58,000. யூரோவை ரூபாயாக மாற்ற ரிசர்வ் வங்கி கேட்பதாகச் சொல்லி 97,000. ஒவ்வொரு முறையும் பணம் சென்றது மார்சேய்க்கு அன்று. இந்தியாவிலேயே வேறு மாநிலங்களில் உள்ள தனிநபர்களின் சேமிப்புக் கணக்குகளுக்கு. அலுவலகக் கணக்கு தணிக்கையில் இருக்கிறது, இவர் எங்கள் இந்திய முகவர் என்று அதற்கும் ஒரு காரணம் தரப்பட்டது.

உண்மை நிலவரம் வேறு. பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்படி, சொத்தை ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுக்க வாரிசுக்குப் பத்து ஆண்டு அவகாசம் உண்டு; முப்பது நாள் கெடு என்பது கதாசிரியரின் கற்பனை. நொத்தேர் என்பவர் பிரெஞ்சு நீதியமைச்சரால் நியமிக்கப்படும் அலுவலர். அந்நாட்டு நொத்தேர்களின் பொதுப் பட்டியலை இணையத்தில் யாரும் பார்க்கலாம், அங்கிருக்கும் தொலைபேசி எண்ணுக்கு நாமே அழைத்துக் கேட்கலாம். இறந்தவர்களின் கேட்பாரற்ற வங்கிக் கணக்குகளையும் ஆயுள் காப்பீட்டுத் தொகைகளையும் தேட 'சிக்லாத்' என்ற பிரெஞ்சு அரசுச் சேவை இருக்கிறது. அதற்குக் கட்டணமே இல்லை. நம் ரிசர்வ் வங்கியோ தனிநபர்களுக்குக் கணக்கு வைத்துக்கொள்வதும் இல்லை, வெளிநாட்டுப் பணத்தை விடுவிக்கக் கட்டணம் கேட்டு மடல் எழுதுவதும் இல்லை. அனுப்பியவர் பெயராக அலுவலகப் பெயர் தெரிந்தாலும், பதில் போய்ச் சேர்ந்த முகவரி யாரும் இலவசமாகத் திறந்துகொள்ளக்கூடிய ஒன்று. ஆண்டுதோறும் உயிர்வாழ்வுச் சான்று அனுப்பி, பிரான்சிலிருந்து முத்திரையிட்ட தாள்கள் வருவதைப் பார்த்துப் பழகிய வீட்டில் இன்னொரு பிரெஞ்சுத் தாள் வந்தால் யாரும் திடுக்கிடுவதில்லை என்பதையும் அவர்கள் அறிந்தே வைத்திருந்தார்கள்.

இந்தக் கதையின் வேர் பிரான்சிலேயே இருக்கிறது என்பது ஒரு விநோதம். குற்றவாளியாக இருந்து பிறகு பாரிசின் துப்பறியும் பிரிவுக்குத் தலைவரான விதோக், 1830களில் எழுதிய நூலில் 'ஜெருசலேம் கடிதங்கள்' என்ற மோசடியை விவரிக்கிறார். "பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பியோடிய பிரபுவின் பணியாள் நான். பொன்னும் நகையும் நிறைந்த பெட்டியை வழியில் நீர்நிலையில் போட்டுவிட்டோம். எடுக்க வந்த இடத்தில் சிறைப்பட்டுவிட்டேன். சற்றுப் பண உதவி செய்தால் இடத்தைச் சொல்கிறேன்" என்று கைதிகள் ஊரிலுள்ள செல்வந்தர்களுக்கு எழுதுவார்களாம். நூறு கடிதங்களில் இருபதுக்குப் பதில் வந்துவிடும் என்று அவர் குறிப்பிடுகிறார். இன்றைய கதாசிரியர்கள் பெட்டியைத் தண்ணீரிலிருந்து எடுத்து முதியோர் இல்லத்தில் வைத்திருக்கிறார்கள். அன்று ஊருக்கு ஒரு கடிதம் எழுதியவர்கள் இன்று ஆளுக்கு ஒரு கதை எழுதுகிறார்கள். எழுத்துப்பிழையைப் பார்த்து மோசடியைக் கண்டுபிடியுங்கள் என்ற பழைய அறிவுரை இனி உதவாது.

அடுத்ததாகக் காப்பீட்டுக் கட்டணம் என்று 1,60,000 ரூபாய் கேட்டபோது, கடன் வாங்க எண்ணிப் பெரியப்பா வங்கிக்குப் போயிருக்கிறார். அவர் நீட்டிய 'ரிசர்வ் வங்கிச் சான்றிதழை'ப் பார்த்த கிளை மேலாளர், அங்கேயே உட்காரவைத்து, இணையவழிக் குற்றங்களுக்கான உதவி எண்ணான 1930க்கு அழைக்கச் செய்தார். கடைசியாக அனுப்பிய தொகையில் ஒரு பகுதி மட்டும் அந்தக் கணக்கில் முடக்கப்பட்டிருக்கிறது. முந்தையவை உடனுக்குடன் எடுக்கப்பட்டுவிட்டன. பணம் போனதும் எவ்வளவு விரைவாக 1930க்கு அழைக்கிறோமோ அவ்வளவுக்கு மீட்க வாய்ப்பு உண்டு. ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியே ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்கீழ் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

புகார் கொடுத்த சில நாட்களிலேயே இரண்டாம் பாகம் வந்து சேர்ந்தது. இன்டர்போல் அதிகாரி என்று சொல்லிக்கொண்ட ஒருவர், மார்சேய்க் கும்பல் பிடிபட்டுவிட்டது, பெரியப்பாவின் பணம் பத்திரமாக இருக்கிறது, மீட்பதற்கு 12,000 ரூபாய் கட்டினால் போதும் என்று எழுதியிருந்தார். அதிலும் புல்லாங்குழல் இருந்தது. ஆகவே இரண்டு கதைகளையும் எழுதியது ஒரே கூட்டமாகத்தான் இருக்க வேண்டும்.

இதுபோன்ற மடல் வந்திருப்பவர்கள் அதை அழித்துவிட வேண்டாம், பதிலும் எழுத வேண்டாம். முழுத் தலைப்புத் தகவலோடு (மடல் எங்கிருந்து, எந்த வழியாக வந்தது என்ற குறிப்புகளோடு) சேமித்து, தேசிய இணையவழிக் குற்றப் புகார்த் தளத்திலோ அருகிலுள்ள காவல் நிலையத்திலோ ஒப்படையுங்கள். ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல், எந்தக் கணக்குக்கு அனுப்பினீர்கள் என்ற விவரத்தையும் கொடுங்கள். பெரியப்பா பணம் போட்ட நான்கு கணக்குகளில் ஏதேனும் ஒன்று உங்கள் புகாரிலும் இருந்தால், இரண்டையும் சேர்த்து விசாரிக்க முடியும் என்று காவல் நிலையத்தில் சொல்லியிருக்கிறார்கள்.