கை வீக்கத்துக்கு 'லிம்பாட்டிக் மசாஜ்' என்று ஸ்பாவுக்குக் கிளம்புகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்தபோது அம்மாவின் இடது அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டார்கள். திசுக்களிலிருந்து வடிகிற நீர்தான் நிணநீர், அது வடிந்து போகிற வழியில் இருக்கும் சிறு முடிச்சுகள்தான் இந்தக் கணுக்கள். அவை போனால் நீர் கையிலேயே தேங்கலாம். ரேடியேஷன் முடிந்து எட்டு மாதத்தில் அந்தக் கை வீங்கத் தொடங்கியது. முதலில் வளையல் ஏறவில்லை, பிறகு ரவிக்கைக் கை இறுக்கிப் பிடித்தது.

தேங்கிய நிணநீரை வடியவைக்கும் 'லிம்பாட்டிக் மசாஜ்' செய்கிறார்கள் என்று நான்தான் தேடிப் பிடித்து ஒரு ஸ்பாவுக்கு அழைத்துப் போனேன். பத்து சிட்டிங் 18,000 ரூபாய், முழுப் பணமும் முதலிலேயே. ஆபரேஷன் விவரத்தைச் சொன்னேன். "நிறைய கேன்சர் பேஷன்ட் நம்மகிட்ட வர்றாங்க மேடம்" என்றார்கள். செய்கிற பெண் இதை எங்கே கற்றுக்கொண்டார் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சூடான எண்ணெய், கட்டைவிரலால் அழுத்தித் தேய்ப்பு, கடைசியில் ஆவி. வலிக்கிறது என்று அம்மா சொன்னதற்கு, "வலிச்சாத்தான் ஆன்ட்டி அடைப்பு உடையும்" என்று பதில். மூன்றாவது சிட்டிங் முடிந்த அன்று ராத்திரி குளிர் ஜுரம். விடியும்போது முழங்கைக்குக் கீழே செக்கச்செவேலென்று சிவந்து, தொட்டால் கொதித்தது. செல்லுலைட்டிஸ், அதாவது தோலிலும் அதன் அடியிலும் பரவும் கிருமித் தொற்று என்றார் டாக்டர். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து ஏறியது.

எனக்கு ஆறாத கோபம் எதில் என்றால், முறையாகச் செய்தால் இந்த மசாஜ் நல்ல சிகிச்சை. டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடரும் அவர் மனைவி எஸ்ட்ரிடும் 1930களில் பிரான்ஸில் உருவாக்கியது. தொற்று முழுதாக அடங்கிய பிறகு, இதற்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் ஒருவர் அம்மாவுக்குச் செய்தார். எண்ணெயும் இல்லை, சூடும் இல்லை. குழந்தையின் கன்னத்தைத் தடவுகிற அளவுதான் அழுத்தம். நிணநீரை உறிஞ்சும் நுண்குழாய்கள் தோலை ஒட்டியே இருக்கின்றன. தோலை லேசாக இழுத்துவிட்டாலே திறந்துகொள்ளும், அழுத்தினால் நசுங்கிவிடும். அவர் வீங்கிய கையை முதலில் தொடவே இல்லை. கழுத்து, வலது அக்குள், பிறகு மேல்கை, கடைசியாகத்தான் விரல்கள். போகிற வழியைத் திறக்காமல் நீரைத் தள்ளினால் அது எங்கே போகும்? முடிந்ததும் பல அடுக்காகக் கட்டு. கட்டுப் போடாவிட்டால் வடிந்தது திரும்ப ஏறிவிடுமாம். மூன்று வாரத்தில் டேப் அளவு இறங்கியது.

மீதி ஏழு சிட்டிங் பணத்தைக் கேட்க ஸ்பாவுக்குப் போனேன். "ரிஃபண்ட் கிடையாது மேடம், வேணும்னா வீட்ல வேற யாராவது வந்து செஞ்சுக்கங்க" என்றார்கள். அங்கே ஒரு பெரியவர் காத்திருந்தார். வலது காலில் மட்டும் வீக்கம், நாலு நாளாகக் கெண்டைக்காலில் வலி. அது ரத்தக்கட்டியாக இருந்தால் தேய்ப்பது உயிருக்கே ஆபத்து, கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கும். அவர் மகளைத் தனியே கூப்பிட்டு, "முதல்ல ஸ்கேன் எடுத்துப் பாருங்கம்மா, அதுவரைக்கும் யாரும் இந்தக் காலைப் பிடிச்சுவிட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். பணம் இன்னும் வரவில்லை.